பழைய நிலப் பத்திரத்தைப் படிப்பது எப்படி: ஒவ்வொரு சொல்லும் என்ன உரிமையைத் தருகிறது

பழைய பத்திரம் ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலானோர் மூன்று விஷயத்தைத் தேடுவார்கள்: எழுதிக்கொடுத்தது யார், எழுதி வாங்கியது யார், தொகை எவ்வளவு. மிச்சப் பக்கங்களை, பத்திர எழுத்தர் வழக்கமாக அடுக்கும் சொற்கள் என்று புரட்டிவிடுவார்கள். ஆனால் வாங்கியவருக்கு அந்தச் சொத்தை விற்க உரிமை இருந்ததா, சாகும்வரை அனுபவிக்க மட்டும் உரிமை இருந்ததா, அது கிரையமே இல்லாமல் ஒத்தியா என்பதெல்லாம் அந்தப் புரட்டிவிட்ட பக்கங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் அடிக்கடி வரும் சொற்களை, படிக்க வேண்டிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

முதல் வேலை, அசலைப் பத்திரமாக வைத்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பென்சிலால் கோடு போடலாம். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள். பழைய கையெழுத்துப் பத்திரங்களில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் இருக்காது, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைத்திருக்க மாட்டார்கள், பேசுகிறபடியே எழுதியிருப்பார்கள். கண்ணால் பார்த்தால் புரியாத வரி காதில் விழுந்தால் புரிந்துவிடும்.

இடையிடையே சில குறிகள் வரும். ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள், ௹ ரூபாய். அடிக்கடி வருவது ௸, அதன் பொருள் மேற்படி. தட்டச்சுப் பத்திரங்களில் இதையே 'ஷை' என்று அடித்திருப்பார்கள், 'ஷை நிலத்தில் ஷையாருக்கு' என்று வந்தால் பயப்பட வேண்டாம், மேற்படி நிலத்தில் மேற்படியாருக்கு என்று படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மேற்படி எந்த நிலத்தை, எந்த ஆளைச் சுட்டுகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் அம்புக்குறி போட்டுப் பார்த்துவிடுங்கள், இரண்டு மூன்று சொத்து இருக்கும் பத்திரத்தில் இங்கேதான் குழப்பம் தொடங்கும்.

தேதியில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால், அது 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம். சுபகிருது என்றால் 1902-03 ஆகவும் இருக்கலாம், 1962-63 ஆகவும் இருக்கலாம். அணாக் கணக்கில் தொகை எழுதியிருந்தால் 1957-க்கு முந்தையது என்று ஓரளவு ஊகிக்கலாம், முத்திரைத் தாளையும் பாருங்கள். வரி ரசீதுகளிலும் அடங்கல் என்னும் பயிர்க் கணக்கிலும் பசலி என்று ஒரு எண் இருக்கும். அது வருவாய்த் துறையின் ஆண்டு, ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடியும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும்: பசலி 1359 என்றால் 1949 ஜூலை முதல் 1950 ஜூன் வரை.

சரி, இனி பத்திரத்தின் தலைப்பு. கிரையம், செட்டில்மென்ட், விடுதலை, பாகப்பிரிவினை என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றம் தலைப்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கும்.

சுத்தக் கிரையம் என்றால் முழு விற்பனை, விற்றவருக்கு மிச்சம் எதுவும் இல்லை. 'இன்ன கெடுவுக்குள் தொகையைத் திருப்பிக் கொடுத்தால் நிலத்தைத் திருப்பி எழுதிக்கொடுக்க வேண்டியது' என்று ஒரு வரி உள்ளே இருந்தால் அது நிபந்தனைக் கிரையம், கடனுக்கு ஈடாக வைத்ததாகவே அது முடியக்கூடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானம் என்று வாதாட முடியும். தனித் தாளில் மறுகிரைய ஒப்பந்தம் எழுதியிருந்தால் அது அடமானம் ஆகாது, வெறும் ஒப்பந்தம், அதற்கான காலக்கெடு போனால் போனதுதான். ஆகவே கிரையப் பத்திரத்தின் கடைசி வரி வரைக்கும் கெடு என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள்.

ஒத்தி என்று தென் மாவட்டங்களில் சொல்வதும் போக்கியம் என்று வடக்கே சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே. பத்திர மொழியில் சுவாதீன அடமானம். பணம் கொடுத்தவர் நிலத்தைச் சுவாதீனத்தில், அதாவது தன் கைவசத்தில் வைத்து, வட்டிக்குப் பதிலாக மகசூலை எடுத்துக்கொள்வார், நிலத்துக்காரர் அசலைத் திருப்பும் நாளில் நிலம் திரும்ப வேண்டும். சுவாதீனம் தராமல் நிலத்தை ஈடாகக் காட்டி மட்டும் வாங்கிய கடன் சாதாரண அடமானம். தலைமுறை கடந்ததும் ஒத்தி நிலத்தைப் பற்றி 'அறுபது வருஷமாக நாங்கள்தான் உழுகிறோம், எங்கள் நிலம்தான்' என்ற பேச்சு வரும். அதைக் கேட்டு மனம் தளர்ந்து விட்டுவிட வேண்டாம். ஒத்தித் தொகையைச் செலுத்தாத வரை மீட்கும் உரிமைக்கான காலக்கெடு ஓடத் தொடங்காது, முப்பது வருடம் கடந்தது என்பதாலேயே ஒத்தி பிடித்தவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. இது சுவாதீன அடமானத்துக்கு மட்டும்தான், மற்ற அடமானங்களை மீட்க 30 வருடக் கெடு உண்டு. ஆகவே உங்கள் தாத்தா எழுதியது எந்த வகை என்று பத்திரத்தில் 'சுவாதீனம்' என்ற சொல்லைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கடன் தீர்ந்திருந்தால் 'பைசல்' என்றோ 'செல்லு' என்றோ பத்திரத்தின் பின்புறம் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கும், அல்லது தனியாக ஒரு ரசீது பதிவாகியிருக்கும். அதையும் விடாமல் பாருங்கள்.

குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களில் அதிகம் சிக்கலாவது செட்டில்மென்ட்டும் உயிலும். இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது ஒரே கேள்வி: உரிமை எப்போது மாறுகிறது? 'இன்று முதல் நீயே சொந்தக்காரன், நான் உயிரோடு இருக்கும்வரை வருமானத்தை மட்டும் நான் அனுபவித்துக்கொள்வேன்' என்று இருந்தால் அது செட்டில்மென்ட், உரிமை அன்றைக்கே போய்விட்டது, கொடுத்தவர் பிறகு மனம் மாறி ரத்து என்று எழுதினாலும் பொதுவாக அது செல்லாது. 'என் ஆயுளுக்குப் பிறகு உன்னைச் சேர வேண்டியது, இதை மாற்றவும் ரத்து செய்யவும் எனக்கு அதிகாரம் உண்டு' என்று இருந்தால் மேலே கொட்டை எழுத்தில் செட்டில்மென்ட் என்று போட்டுப் பதிவும் செய்திருந்தாலும் அது உயில்தான். உயில் என்றால் எழுதியவர் சாகும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பத்திரத்தின் உயிரான வாக்கியம். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று ஒரே மூச்சில் வரும். பிரித்துப் படியுங்கள்: மகன், பேரன் என்று வழிவழியாக, எல்லாச் சுதந்திர உரிமைகளோடும், தானம் கொடுக்கவும், பயன்படுத்தவும், விற்கவும் தகுதியோடு. இது இருந்தால் பெற்றவருக்கு முழு உரிமை வந்துவிட்டது. இதற்கு நேர் எதிர், 'ஆயுள் பரியந்தம் அனுபவித்து, யாதொரு பராதீனமும் செய்யாமல், பின்னிட்டு உன் ஆண் சந்ததிகள் அடைய வேண்டியது'. ஆயுள் பரியந்தம் என்றால் ஆயுள் முடியும்வரை. பராதீனம் என்றால் விற்பது, அடமானம் வைப்பது, தானம் கொடுப்பது என்று பிறர் கைக்குப் போகச் செய்யும் எதுவும். இப்படிப் பெற்ற ஒருவர் 1970-ல் அதை விற்றிருந்தால், வாங்கியவருக்குக் கிடைத்தது விற்றவரின் ஆயுள் வரைக்குமான அனுபவம் மட்டுமே. ரூபாய் கொடுத்து, பதிவு செய்து, பட்டாவும் மாற்றிய பிறகுகூட.

பெற்றவர் இந்துப் பெண்ணாக இருந்தால் இன்னொரு சொல்லையும் தேடுங்கள்: ஜீவனாம்சம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெண் வசம் இருந்த வரையறுக்கப்பட்ட உரிமையை முழு உரிமையாக்கியது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பத்திரத்திலேயே புதிதாகக் குறுகிய உரிமை கொடுத்திருந்தால் அது குறுகியதாகவே இருக்கும் என்கிறது. எந்த உட்பிரிவு பொருந்தும்? 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில், அவளுக்கு ஏற்கனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த சொத்து என்றால், பத்திரத்தில் ஆயுள் வரை என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாக வளர்ந்துவிடும் என்பது. ஆகவே 'உன் ஜீவனாம்சத்துக்காக' என்ற ஒற்றைச் சொல் ஒரு விதவைப் பாட்டியின் பங்கையே காப்பாற்றும். பல வீடுகளில் பாட்டிக்கு உரிமையே இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவர் வழி வந்தவர்களை ஒதுக்கியிருக்கிறார்கள். பெண் வழிச் சொத்து உள்ளவர்கள் இந்த வரியைத் தேடாமல் பத்திரத்தை மூடக் கூடாது.

எழுதிக்கொடுத்தவர்கள் பெயரில் 'தனக்காகவும் தன் மைனர் குமாரனுக்குக் கார்டியனாகவும்' என்று வருகிறதா? மைனரின் தனிச் சொத்தை, அப்பாவாகவே இருந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்த மைனர் வயதுக்கு வந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியும். கூட்டுக்குடும்பச் சொத்தில் குடும்பத் தலைவர் விற்றதற்குக் கணக்கு வேறு. அங்கே 'குடும்ப அவசியத்துக்காக', 'முன்கடனைத் தீர்க்க' போன்ற சொற்கள் எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு குடும்பச் சொற்கள். விடுதலைப் பத்திரம் என்றால் ஒருவர் தன் பங்கைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுப்பது. கூர்சீட்டு என்றால் யாருக்கு எந்தப் பங்கு என்று வீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்ட, பதிவாகாத தாள். ஏற்கனவே வாய்மொழியாகப் பிரித்ததை நினைவுக்காகக் குறித்து வைத்தது என்றால் கூர்சீட்டுக்கு மதிப்பு உண்டு, அந்தத் தாளே பங்கைப் பிரிக்கிறது என்றால் பதிவு இல்லாமல் நிற்காது. 'பிரித்துக்கொண்டோம்', 'பிரித்துக்கொள்கிறோம்' என்ற வினைமுற்றுகளின் வித்தியாசம் இங்கே பெரிய விஷயம்.

இப்போது சொத்து விவரம். பழைய பத்திரத்தில் எல்லையை 'முருகன் புஞ்சைக்குத் தெற்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு' என்று எழுதுவார்கள். இதன் பொருள், நம் நிலம் முருகன் புஞ்சைக்குத் தெற்கே இருக்கிறது, அதாவது நமக்கு வடக்கே முருகன் இருக்கிறார். இன்றைய பத்திரத்தில் 'வடக்கில்: முருகன் புஞ்சை' என்று எழுதுவதும் இதுவே. அவசரமாகப் படிப்பவர்கள் தெற்கு என்ற சொல்லைப் பார்த்து முருகனைத் தென்புறம் வைத்து வரைபடத்தையே தலைகீழாக்கிவிடுகிறார்கள், புதுப் பத்திரம் எழுதும்போது அந்தத் தவறு அப்படியே ஏறியும்விடுகிறது. நான்கு எல்லையையும் ஒரு தாளில் படமாக வரைந்துவிட்டுத்தான் மேலே போங்கள். எல்லை விவரத்தைச் செக்குபந்தி என்றும் எழுதியிருப்பார்கள். கீழ்மேல் என்றால் கிழக்கு மேற்காக, தென்வடல் என்றால் தெற்கு வடக்காக. 'வடபுறம் கீழ்மேல் 30 அடி' என்பது வடக்கு ஓரத்தின் நீளம். அளவும் எல்லையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கும், ஆகவே சென்ட் கணக்கைவிட எல்லைக்கு அதிக நேரம் கொடுங்கள்.

அளவுச் சொற்களில் குழி மிகவும் ஏமாற்றும். தஞ்சைப் பக்கம் 12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி, அப்படி 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட், 20 மா ஒரு வேலி. சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் 24 அடிக் கோல், குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி, 1 ஏக்கர் 32 சென்ட். ஆக அதே '100 குழி' ஒரு ஊரில் மூன்றில் ஒரு ஏக்கர், இன்னொரு ஊரில் அதற்கு நான்கு மடங்கு. போதாததற்குக் காணியும் மாவும் பின்னங்களின் பெயரும்கூட: மா இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, மாகாணி பதினாறில் ஒரு பங்கு, அரைக்கால் எட்டில் ஒரு பங்கு. 'ஷை கிணற்றில் மாகாணி பாகம்' என்றால் கிணற்றின் பதினாறில் ஒரு பங்கு, பாசன முறை அதைக்கொண்டுதான் வரும். மற்றவை சுலபம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. இன்றைய பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வரும், ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட்.

சர்வே எண் பழையதா புதியதா என்று பாருங்கள். ஜமீன் கிராமங்களிலும் இனாமாக, அதாவது மானியமாக விட்ட கிராமங்களிலும் சர்வேக்கு முன்னால் பைமாஷ் எண் என்று ஒன்று இருந்தது. 1980-களில் பட்டாக்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையின்போது பல இடங்களில் உட்பிரிவுகளும் பெயர்களும் மாறின, தவறாகவும் ஏறின. பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவாங்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு எல்லாம் வருவாய்க் கணக்குகள். நிலம் யார் பெயரில் வரிக் கணக்கில் இருக்கிறது, என்ன பயிர், என்ன வகை என்று அவை சொல்லும், உரிமையைத் தனியாக நிலைநாட்டாது.

அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைக் கட்டாயம் பாருங்கள். தேவதாயம் என்றால் கோயிலுக்கு விட்டது, பிரமதாயம் பிராமணர்களுக்கு, தர்மதாயம் சத்திரம் சாவடி போன்ற அறத்துக்கு, ஊழிய மானியம் ஊர்வேலை செய்தவர்களுக்கு. 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் இவற்றை விசாரித்து எண் போட்டுத் தந்ததுதான் டி.டி. நம்பர். இங்கே மேல்வாரம், குடிவாரம் என்ற இரண்டு சொற்கள் தலையெழுத்தை மாற்றும். மேல்வாரம் அரசுக்கோ இனாம்தாருக்கோ சேரும் பங்கு, குடிவாரம் உழுகிறவர் பங்கு. மேல்வாரம் மட்டும் கோயிலுக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டிருந்தால் உழுதவருக்கு உரிமை உண்டு, இரு வாரமும் என்று இருந்தால் நிலமே கோயிலுடையது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டத்தில் ஜமீன்களும் 1963-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டத்தில் சிறு இனாம்களும் ஒழிக்கப்பட்டு, நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரிப் பட்டா யாருக்கு என்று உத்தரவு போட்டார்கள், அந்த உத்தரவின் நகல்தான் உங்களுக்கு வேண்டியது. பழைய இனாம் பதிவேடுகளை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

பஞ்சமி நிலம், அல்லது டி.சி. நிலம் என்று குறித்திருந்தால் அங்கேயே நில்லுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியது அது. பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகும் அதே பிரிவு மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. எத்தனை கை மாறியிருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும், அதை மற்றவர்கள் வாங்கக் கூடாது. அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களிடம்தான் இருக்க வேண்டும்.

'நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண' என்று தொடங்கும் நீண்ட வரி செப்பேட்டுக் காலத்து அஷ்டபோகம்: புதையல், புதைத்து வைத்த பொருள், தண்ணீர், மரம், கல், இப்போதைய பலன், இனி வரும் பலன் என்று போகும். அழகான வரி. ஆனால் அதை நம்பிப் புதையலுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். மரமும் கிணறும் வழிநடைப் பாத்தியமும் தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், அதுதான் நடைமுறையில் உதவும்.

கோர்ட் சொற்கள் வந்தால்: தாவா என்பது வழக்கு, ஓ.எஸ். என்பது அசல் வழக்கின் எண், டிக்ரி என்பது தீர்ப்பின்படி வரும் ஆணை, ஜப்தி என்பது சொத்தைக் கட்டுப்படுத்துவது, அமீனா அதை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியர், உறுத்துக்கட்டளை என்பது இதைச் செய் அல்லது செய்யாதே என்னும் உத்தரவு, இன்று தடையாணை என்றால்தான் பலருக்கும் புரியும். பத்திரத்தில் ஒரு ஓ.எஸ். எண் இருந்தால் அந்த டிக்ரியின் நகலை வாங்காமல் அடுத்த பத்திரத்துக்குப் போகாதீர்கள்.

யாழ்ப்பாணத்துச் சொத்து உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பத்திரம் உறுதி, எழுதுபவர் நொத்தாரிசு, ஒத்தி ஒற்றியாகிவிடும். 1706-ல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைப்படி, முதுசொம் பெற்றோர் வழி வந்தது, சீதனம் பெண்ணுக்குக் கொடுத்தது, தேடியதேட்டம் மணவாழ்க்கையில் சம்பாதித்தது. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் பங்கு, ஆகவே தமிழ்நாட்டுக் கணக்கை அங்கே போட வேண்டாம்.

எல்லாம் படித்ததும் வில்லங்கச் சான்று போடுங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் குறைந்தது 1975 முதல் இணையத்திலேயே பார்க்கலாம், இணையத்தில் இல்லாத பழையதை அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். அதில் வருவது பதிவு அலுவலகத்தின் 1-ஆம் புத்தகத்தில் பதிவானவை மட்டும். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும், பதிவாகாத உயிலும் கூர்சீட்டும் எதிலும் இருக்காது, வில்லங்கம் இல்லை என்ற சான்று அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. பிறகு ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: ஆண்டு, பத்திர எண், யாரிடமிருந்து யாருக்கு, எந்த வகையில், எந்த எண்ணில் எவ்வளவு, முழு உரிமையா ஆயுள் உரிமையா. ஒருவருக்கு வந்த வழியே தெரியாமல் அவர் விற்றிருக்கும் இடத்தில் சிவப்பு மையால் கோடு போடுங்கள். அந்தத் தாளையும் பத்திர நகல்களையும் எடுத்துக்கொண்டு சிவில் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் போய், சிவப்புக் கோடு போட்ட இடத்தைக் காட்டி, இதை எந்த ஆவணத்தால் நிரப்புவது என்று கேளுங்கள்.